பியானோவுக்குள் ஓர் எலி

மேடையில் ஒரு வட்ட வெளிச்சம். கறுப்பு வால்கோட்டு அணிந்த ஒரு பூனை மிடுக்காக நடந்து வந்து சபையை வணங்குகிறது. பியானோவின் முன் உட்கார்கிறது. அதற்கு அவசரமே இல்லை. கையைத் துடைத்துக்கொள்கிறது, கண்ணை மூடுகிறது, மேதைமையின் கனத்தை முகத்தில் வரவழைத்துக்கொள்கிறது. முதல் சுரம் விழுகிறது. பியானோவின் வயிற்றுக்குள், தந்திகளைத் தட்டும் சுத்திக் கட்டைகளின் மேல், ஓர் எலி அதுவரை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் இயக்கிய ‘தி கேட் கான்செர்ட்டோ’ படத்தின் கதை இவ்வளவுதான். டாம் வாசிக்கிறது, ஜெர்ரி கெடுக்கிறது. எட்டு நிமிடத்துக்கும் குறைவான படம். பேச்சே கிடையாது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும், சத்தம் கேட்டு அறைக்குள் எட்டிப் பார்க்கும் தாத்தாவும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள். இத்தனை எளிய படத்தைச் சுற்றி எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பது அந்தத் தாத்தாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்த வழக்கின் மறு தரப்பு ‘ராப்சடி ராபிட்’. வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன் கூடத்தில் ஃப்ரிஸ் ஃப்ரெலெங் இயக்கியது. அதிலும் வால்கோட்டு, மேடை, பியானோ. வாசிப்பது பக்ஸ் பன்னி என்ற முயல். அதிலும் பியானோவுக்குள் ஓர் எலி. வாசிக்கப்படும் உருப்படியும் ஒன்றேதான்: ஃபிரான்ஸ் லிஸ்ட் 1847-இல் எழுதி 1851-இல் அச்சான ஹங்கேரிய ராப்சடி, எண் 2. இரண்டிலும் செவ்வியல் இசை நடுவே தடம் புரண்டு அமெரிக்கத் துள்ளிசைக்குள் விழுகிறது. இரண்டிலும் உச்சக்கட்டத்தைக் கடைசியில் வாசிப்பது எலிதான். இவ்வளவு ஒற்றுமை தற்செயலாக வருமா? யார் யாரிடமிருந்து எடுத்தார்கள்?

தேதிகளிலிருந்து தொடங்குவோம், அவை வழக்கைத் தீர்க்காவிட்டாலும். முயல் படம் 1946 நவம்பர் 9-இல் திரைக்கு வந்தது. பூனைப் படத்தின் பொது வெளியீடு 1947 ஏப்ரல் 26. இதை மட்டும் பார்த்தால் எம்.ஜி.எம்.தான் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும். ஆனால் பூனைப் படம் வாங்கிய ஆஸ்கர் 1946-ஆம் ஆண்டுக்குரியது. விழா 1947 மார்ச் 13-இல் நடந்தது. அதாவது விருதை வாங்கி ஒரு மாதத்துக்கும் மேலான பிறகே ஊரெங்கும் திரைக்கு வந்த படம் இது. எனவே வெளியீட்டுத் தேதியை வைத்துக்கொண்டு எது முதலில் பிறந்தது என்று சொல்ல வழியில்லை. கையால் வரைந்த அந்தக் காலத்துக் குறும்படம் ஒன்று கதைப் பலகையிலிருந்து வண்ணப் பிரதிவரை போய்ச்சேரப் பல மாதங்கள் பிடிக்கும். ஒன்று கூடத்தில் வேகமாகத் தள்ளப்படலாம், இன்னொன்று அலமாரியில் கிடக்கலாம்.

கார்ட்டூன் வரலாற்றை எழுதுகிறவர்களிடையே ஒரு கதை உலவுகிறது. அந்த ஆண்டு ஆஸ்கர் பரிந்துரைக்காகப் படங்களைப் போட்டுக்காட்டியபோது பூனை முதலில் ஓடியதாம், பின்னால் முயல் ஓடியதாம். பார்த்தவர்கள் வார்னர்காரர்கள்தான் திருடிவிட்டார்கள் என்று முடிவுகட்டினார்களாம். எது முன்னால் கண்ணில் படுகிறதோ அதுவே மூலம் என்று மனம் நம்பிவிடுவது உண்மைதான் என்பதால் இந்தக் கதை நம்பத்தகுந்ததாக இருக்கிறது. நடந்ததோ இல்லையோ, முடிவு மட்டும் பதிவில் இருக்கிறது. பரிந்துரைப் பட்டியலில் வார்னரின் சார்பாக இடம்பெற்றது ராபர்ட் மெக்கிம்சனின் ‘வாக்கி டாக்கி ஹாக்கி’. முயலின் கச்சேரி அதில் இல்லை.

இரண்டு படங்களின் ஒற்றுமைக்கு இதுவரை சொல்லப்பட்ட விளக்கங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, இரண்டு கூடங்களின் படங்களும் ஒரே டெக்னிகலர் ஆய்வகத்தில்தான் கழுவப்பட்டன என்பதிலிருந்து பிறப்பது. அங்கே ஒரு பிரதி தவறான முகவரிக்குப் போய்விட்டது என்பார்கள். துப்பறியும் கதைக்கு நல்ல திருப்பம். ஆனால் முடிந்த பிரதியைப் பார்த்துவிட்டு அதே ஆண்டுப் போட்டிக்கு இன்னொரு முழுப் படத்தை வரைந்து முடிப்பதற்கு ஓவியர்கள் எத்தனை இரவு விழித்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் திருப்பம் கொஞ்சம் தளர்கிறது. இரண்டாவது, ஆட்கள் வழியாகக் கசிந்தது என்பது. இதற்கு இடமுண்டு. ஹாலிவுட் கார்ட்டூன் உலகம் ஒரு சின்னத் தெரு மாதிரி. ஃப்ரெலெங்கே 1937-இல் வார்னரை விட்டு எம்.ஜி.எம்.முக்குப் போய், 1939-இல் திரும்பி வந்தவர். டெக்ஸ் ஏவரி 1941-இல் வார்னரை விட்டு, கொஞ்ச நாளிலேயே எம்.ஜி.எம்.மில் தனிப் பிரிவு நடத்தத் தொடங்கியவர். மதியச் சாப்பாட்டு மேசையில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லும் யோசனைக்குப் பூட்டுப் போட முடியாது. மூன்றாவது, தற்செயல். கேட்டவுடன் சிரிப்பு வருவது இதற்குத்தான். ஆனால் நான் பாதிக்கு மேல் சாய்வது இந்தப் பக்கமே.

காரணம், இந்த இரண்டு படத்திலும் புதிது என்று நாம் நினைப்பவற்றில் பெரும்பகுதி அப்போது பொதுக் கிடங்கில் கிடந்த சரக்கு. 1935-இல் வால்ட் டிஸ்னி கூடம் ‘தி பேண்ட் கான்செர்ட்’ எடுத்தது. மிக்கி மௌஸ் முதன்முதலாக வண்ணத்தில் திரைக்கு வந்த படம். மிக்கி, ரொசினியின் ‘வில்லியம் டெல்’ முகப்பிசையை நடத்துகிறது. டொனால்ட் டக் நடுவில் புகுந்து குழலில் ஒரு நாட்டுப்புற மெட்டை ஊதுகிறது. வாத்தியக் குழு தன்னையறியாமல் அந்த மெட்டுக்குத் தாவிவிடுகிறது. பிறகு சூறாவளியே வந்து எல்லோரையும் வானத்தில் சுழற்றியும் வாசிப்பு நிற்பதில்லை. செவ்வியல் கச்சேரி, குறும்புப் பிராணி, நடுவில் வேறு மெட்டு, எது வந்தாலும் நிறுத்தாத கலைஞன்: பதினொரு ஆண்டுக்கு முன்பே எல்லாம் தயார். பியானோவைத்தான் கேட்கிறீர்கள் என்றால், 1937-இல் மார்க்ஸ் சகோதரர்களின் ‘எ டே அட் தி ரேசஸ்’ வந்தது. அதில் ஹார்ப்போ, ரஹ்மானினோவின் பிரெலூடை வாசித்து வாசித்தே பியானோவைச் சுள்ளியாக உடைத்துவிடுகிறார்.

லிஸ்ட்டின் இந்த ராப்சடியும் கார்ட்டூன்காரர்களுக்குப் பழகிய பண்டம். ஃப்ளைஷர் கூடம் 1937-இல் ‘எ கார்-டியூன் போர்ட்ரெய்ட்’டில் விலங்குகளின் வாத்தியக் குழுவைக் கொண்டு இதை வாசிக்கவைத்தது. ஃப்ரெலெங் 1941-இல் ‘ராப்சடி இன் ரிவெட்ஸ்’ எடுத்தார். கட்டடத் தொழிலாளர்கள் இதே இசையின் தாளத்துக்கு ஆணியடித்து, செங்கல் அடுக்கி, ஒரு வானளாவியை எழுப்புகிறார்கள். அதுவும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஆக, ‘லிஸ்ட்டை எடுத்தது யார்’ என்று கேட்டால் ஃப்ரெலெங்கின் கை ஐந்து ஆண்டு முந்துகிறது. 1946-ஆம் ஆண்டுப் பரிந்துரைப் பட்டியலையே பாருங்கள்: வால்டர் லான்ட்ஸின் ‘மியூசிக்கல் மொமெண்ட்ஸ் ஃப்ரம் ஷோப்பன்’னும் அதில் இருக்கிறது. அதிலும் விலங்குகள், அதிலும் பியானோ. ஒரே ஆண்டில் மூன்று கூடங்கள் பியானோவின் முன்னால் பிராணிகளை உட்காரவைத்தன. இதைச் சதி என்று சொல்வதைவிட, அந்தக் காலத்து ஜலதோஷம் என்று சொல்லலாம்.

ஏன் லிஸ்ட்? பெரிய இசை பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் வாசிப்பதையே காட்சியாக்கியவர் லிஸ்ட். ஒற்றைக் கலைஞன் ஒரு மாலை முழுவதையும் தனியே தாங்கும் கச்சேரி முறையை நிலைநாட்டியவர். தன் பக்கவாட்டு முகம் சபைக்குத் தெரியும்படி பியானோவைத் திருப்பிப் போடவைத்தவர். அவருக்காகப் பித்துப்பிடித்து அலைந்த ரசிகக் கூட்டத்துக்கு 1844-லேயே ஹைன்ரிச் ஹைனே என்ற கவிஞர் ‘லிஸ்ட்டோமேனியா’ என்று பெயரே வைத்துவிட்டார். தலைமுடியைச் சிலுப்புவது, கண்ணை மூடுவது, கையை ஆகாயத்துக்குத் தூக்கி இறக்குவது என்று டாம் செய்யும் அத்தனை பாவனைக்கும் பாட்டன் அவர்தான். அந்த இசையின் அமைப்பும் கார்ட்டூனுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. முன்பாதி ‘லாஷான்’, கனத்த மெதுநடை. பின்பாதி ‘ஃப்ரிஷ்கா’, துள்ளி ஓடி மூச்சிரைக்கும் வேகம். முதலில் மதிப்பை ஏற்றிவிட்டு அப்புறம் துரத்தலாம். முடிவுக்குச் சற்று முன்னால், வாசிப்பவர் தன் கற்பனையில் எதை வேண்டுமானாலும் வாசித்துக்கொள்ளலாம் என்று லிஸ்ட் தன் கையாலேயே ஓர் இடத்தைத் திறந்துவிட்டிருக்கிறார். ரஹ்மானினோவ் போன்றவர்கள் அங்கே தங்கள் சொந்தச் சரக்கை எழுதிச் சேர்த்தார்கள். ஜெர்ரி புகுந்ததும் ஒரு விதத்தில் அழைப்பின் பேரில்தான்.

இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் திருட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒரே விதையை இரண்டு வயலில் விதைத்து, விளைச்சலை ஒப்பிடும் வாய்ப்பு கலையில் அடிக்கடி கிடைப்பதில்லை. இங்கே கிடைத்திருக்கிறது. அதனால் படங்களுக்குள்ளேயே போய்ப் பார்ப்போம்.

பூனைப் படத்தை ஆளும் விதி ஒன்றே ஒன்று: டாம் வாசிப்பை நிறுத்தக் கூடாது. இந்த விதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் முதல் வணக்கத்திலேயே அது நமக்குத் தெரிந்துவிடுகிறது. சபை உட்கார்ந்திருக்கிறது, கண்கள் தன் மேல் இருக்கின்றன, ஆகையால் கோபப்படுவதானாலும் தாளத்துக்குள்தான் படவேண்டும். மற்ற படங்களில் டாம் ஜெர்ரியைத் துரத்த வீடு முழுக்க இருக்கும். இங்கே இருப்பது எண்பத்தெட்டுக் கட்டைகள். தூக்கம் கலைந்த ஜெர்ரி பியானோவின் விளிம்பில் நின்று இசை நடத்துநர்போல் கையை ஆட்டுகிறது. டாம் ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறு கையால் அதைத் தட்டிவிடுகிறது. கட்டைகளுக்கு அடியில் ஜெர்ரி ஓட, கட்டைகள் தாமே அலைபோல் எழுந்து விழுகின்றன. டாமின் விரல்கள் அந்த அலையைத் துரத்துகின்றன, அது இசையாகவும் இருக்கிறது. மூடி விரல்களின் மேல் விழுகிறது. கத்தரிக்கோல் விரலைத் தேடி வருகிறது. இரண்டு கட்டைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஜெர்ரி எலிப்பொறியை வைக்கிறது. டாமின் விரல் பொறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டுத் தொட்டுத் தப்புகிறது. இசையில் அந்தச் சுரம் வந்தே தீரும் என்பது நமக்குத் தெரியும். வருகிறது. பிடிக்கிறது.

என் கணக்கில் படத்தின் உயிர் இந்த எலிப்பொறிதான். சாதாரண அடிதடிச் சிரிப்பில் அடி எப்போது விழும் என்று தெரியாதது சுவை. இங்கே தெரிந்திருப்பதே சுவை. சமத்துக்கு எவ்வளவு தூரம் என்று கையில் தாளம் போட்டபடி காத்திருக்கும் ரசிகனின் நிலைதான் நமக்கும். லிஸ்ட் நூறு ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். டாமுக்குத் தப்ப வழியில்லை.

இதைச் செய்து காட்டுவது லேசான வேலையில்லை. நொடிக்கு 24 சட்டம் ஓடும் திரையில், ஒரு தாளத் தட்டுக்கு 12 சட்டம் என்று வைத்தால் நிமிடத்துக்கு 120 தட்டு. கார்ட்டூன் இசையமைப்பாளர்கள் இப்படித்தான் கணக்குப் போட்டு வேலை செய்தார்கள். ஆனால் லிஸ்ட்டை அந்தக் கணக்குக்குள் அடைக்க முடியாது. வாசிப்பவர் இழுப்பார், நிறுத்துவார், திடீரென்று ஓடுவார். அதனால் பியானோவை முதலில் பதிவுசெய்து, எந்தச் சட்டத்தில் எந்தச் சுரம் விழுகிறது என்று தாளில் குறித்துக்கொண்டு, அப்புறம்தான் வரையவேண்டும். கென்னத் மியூஸ், எட் பார்ஜ், இர்வென் ஸ்பென்ஸ் ஆகிய வரைஞர்கள் டாமின் விரல்களைச் சரியான கட்டைகளின் மேலேயே விழவைத்திருக்கிறார்கள். பியானோ தெரிந்தவர்கள் இந்தப் படத்தை மதிப்பதற்கு இது முக்கியமான காரணம். பார்பெரா கதைப் பலகையையும் வேடிக்கைகளையும் வரைபவர், ஹன்னா நேரக் கணக்கைப் பார்ப்பவர் என்பது அவர்கள் இருவருக்கும் இடையே இருந்த பங்கீடு. இது ஹன்னாவின் படம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இசையமைப்பாளர் ஸ்காட் பிராட்லியைச் சேர்க்காமல் அப்படிச் சொல்வது அநியாயம். பூனையும் எலியும் துரத்திக்கொள்ளும் படத்துக்குள் பன்னிரு சுர முறை என்ற கடும் நவீன உத்தியைப் புகுத்திப் பார்த்த மனிதர் அவர்.

படத்தின் நடுவில் ஜெர்ரி சுத்திக் கட்டைகளின் மேல் குதித்து ஆட, இசை சட்டென்று வேறொரு மெட்டாகிறது. டாமும் கொஞ்ச நேரம் உற்சாகமாக அதையே வாசித்துவிட்டுத்தான் விழித்துக்கொள்கிறது. அந்த மெட்டு எம்.ஜி.எம்.மின் ‘தி ஹார்வி கேர்ள்ஸ்’ படத்தில் வந்த ரயில் பாட்டு, ஹாரி வாரனும் ஜானி மெர்சரும் எழுதியது. சொந்தக் கம்பெனிப் பாட்டு, காசு கொடுக்க வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், பூனை ஆஸ்கர் வாங்கிய அதே மேடையில் அந்த ஆண்டின் சிறந்த பாடலுக்கான விருதையும் இந்தப் பாட்டுத்தான் வாங்கியது. ஜெர்ரியின் காது நல்ல காது.

இப்போது முயலிடம் வருவோம். பக்ஸ் பன்னி வாசிக்கத் தொடங்கும்போது சபையில் ஒருவர் இருமுகிறார், மறுபடி இருமுகிறார். முயல் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுகிறது. கச்சேரியில் முன்வரிசை இருமலைச் சகித்துக்கொண்ட யாரும் இதைக் கண்டிக்கமாட்டார்கள். வாசிப்பின் நடுவே தொலைபேசி மணி அடிக்கிறது. யாரோ ஃபிரான்ஸ் லிஸ்ட்டைக் கேட்கிறார்கள். அப்படியொரு ஆளைக் கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லி முயல் வைத்துவிடுகிறது. தனித்தனியே எடுத்துக்கொண்டால் இரண்டும் டாம் படத்தின் எந்த ஒரு நகைச்சுவைக்கும் இளைத்தவை அல்ல. ஆனால் இவற்றுக்கு ஒரு விலை உண்டு. சபையில் உள்ளவனைச் சுடக்கூடிய கலைஞனுக்குச் சபையைப் பற்றி என்ன பயம்? நிறுத்தினால் என்ன ஆகிவிடும்? விதி போய்விட்டது. விதி போனால் எலிக்குக் கெடுப்பதற்கு ஒன்றுமில்லை. நாம் சிரிக்கிறோம், ஆனால் ஒவ்வொரு சிரிப்பும் தனியாக முடிந்துபோகிறது. அடுத்ததற்குக் கடன் கொடுப்பதில்லை.

இன்னொரு சங்கடம், பாத்திரத் தேர்வு. வார்னர் உலகத்தில் குறும்புப் பிராணியே பக்ஸ்தான். வேடன் வந்தாலும் வேறு யார் வந்தாலும் காரட்டைக் கடித்தபடி அவர்களைக் கிறுக்குப் பிடிக்கவைப்பது அதன் தொழில். அதைக் கொண்டுபோய் எலியிடம் தோற்கவைத்தால் பார்ப்பவனுக்கு எந்தப் பக்கம் உட்காருவது என்று குழப்பம். டாமோ தோற்பதற்கென்றே பிறந்தது. அதன் மிடுக்கு எந்த நொடியில் நொறுங்கும் என்று நாம் காத்திருப்பதில் நன்றிகெட்டதனம் எதுவுமில்லை. மூன்று ஆண்டு கழித்து, 1949-இல், சக் ஜோன்ஸ் ‘லாங்-ஹேர்ட் ஹேர்’ படத்தில் பக்ஸைச் சரியான இடத்தில் வைத்தார். அங்கே மேடையில் இருப்பவர் ஓபரா பாடகர், கெடுப்பது முயல். அந்தப் படம் பறக்கிறது.

ஆனால் ஒரு இடத்தில் ஃப்ரெலெங்கின் கைதான் ஓங்கியிருக்கிறது. அது முடிவு. பக்ஸ் கடைசி வேகப் பகுதிக்காக உடம்பைத் தயார்செய்துகொண்டு, பயந்து, நம்மையும் பயமுறுத்திக்கொண்டு நிற்கையில், எலி ஒரு பொம்மைப் பியானோவில் அந்தக் கடினமான பகுதியை அநாயாசமாக வாசித்து முடித்துவிடுகிறது. முயலுக்கு மிஞ்சுவது ஒரு சுரம். இதைவிடச் சிக்கனமாக ஒரு கலைஞனை அவமானப்படுத்த முடியாது. பூனைப் படத்தின் முடிவு இவ்வளவு கச்சிதமில்லை. பொறுமையிழந்த டாம் ஜெர்ரியைச் சுத்திக் கட்டைகளுக்குள் திணித்து வாசிக்கிறது. அடிபட்ட ஜெர்ரி சில கட்டைகளை ஒடித்துக் கையில் எடுத்துக்கொண்டு தானே உச்சக்கட்டத்தைத் தந்திகளில் தட்டுகிறது. முடிந்தது என்று டாம் மூச்சுவிடும்போதெல்லாம் மறுபடி தொடங்குகிறது. கடைசியில் டாம் கந்தலாகிச் சாய்கிறது. சபை கைதட்ட, வட்ட வெளிச்சம் நகர்ந்து எலியின் மேல் விழுகிறது. நல்ல முடிவுதான். இருந்தாலும் முயலின் ஒற்றைச் சுரம் எனக்கு இன்னும் இனிக்கிறது.

வழக்கின் கடைசிப் பக்கங்களில் சில கேலிகள் ஒளிந்திருக்கின்றன. ‘ராப்சடி ராபிட்’டில் முயலுக்காகப் பியானோ வாசித்தவர் யாக்கோப் கிம்பெல் என்ற தேர்ந்த கலைஞர். சில ஆண்டு கழித்து எம்.ஜி.எம். வியன்னாவின் வால்ட்ஸ் இசையை வைத்து ‘யோஹன் மௌஸ்’ எடுத்தபோது, டாமுக்காக வாசிக்க அழைத்தது இதே கிம்பெலைத்தான். டாம்-ஜெர்ரி வரிசைக்குக் கிடைத்த ஏழாவது, கடைசி ஆஸ்கர் அந்தப் படத்துக்குத்தான். இரு தரப்பும் ஒரே வக்கீலை வைத்துக்கொண்டதுபோல. லிஸ்ட்டின் ராப்சடியும் யாருக்கும் சொந்தமாகிவிடவில்லை. 1954-இல் உட்டி உட்பெக்கர் என்ற மரங்கொத்தி ‘கான்விக்ட் கான்செர்ட்டோ’வில் அதைக் கொத்தியது. 1988-இல் ‘ஹூ ஃப்ரேம்ட் ராஜர் ராபிட்’ படத்தில் டிஸ்னியின் டொனால்ட் டக்கும் வார்னரின் டாஃபி டக்கும் எதிரெதிர்ப் பியானோக்களில் அமர்ந்து அதையே வாசித்து அடித்துக்கொண்டன. சீனத்துப் பியானோ மேதை லாங் லாங், இரண்டு வயதில் தொலைக்காட்சியில் டாமின் வாசிப்பைப் பார்த்துத்தான் தனக்கு இந்தக் கருவியின் மேல் ஆசை பிறந்தது என்று சொல்லிவருகிறார். டாமுக்கு அப்படியும் ஒரு சீடர் கிடைத்தார்.

‘தி கேட் கான்செர்ட்டோ’வின் ஆஸ்கர் தயாரிப்பாளர் ஃபிரெட் குவிம்பியின் பெயருக்குப் போனது, டாம்-ஜெர்ரிக்குத் தொடர்ந்து நான்காவது ஆண்டாகக் கிடைத்த விருது அது. அடுத்த ஆண்டும் அவர்களின் படம் ஒன்று பரிந்துரையில் இருந்தது. ஐந்தாவதாக அது கிடைக்கவில்லை. வென்றது வார்னரின் ‘ட்வீட்டி பை’. அந்தக் கூடத்தின் கார்ட்டூன் ஒன்றுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர். அதிலும் ஒரு பூனை தோற்கிறது, இந்த முறை ஒரு மஞ்சள் குருவியிடம். இயக்கியவர் ஃப்ரிஸ் ஃப்ரெலெங்.